எல்லைப்புறத்தில் கேட்ட நோபல் கதைகள்

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் பிறந்ததும் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமிலும் நார்வே நாட்டு ஆஸ்லோவிலும் அறிஞர்கள் கூடி, இன்னின்னார்க்கு நோபல் பரிசு என்று உலகுக்கு அறிவிக்கின்றனர். மறுநாட் காலையில் அச்செய்தி கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் பயணிகள் வண்டியிலும் ஏறிவிடுகின்றது. ஏறும்போது செய்தியாக ஏறுவது, வாளையாற்றைத் தாண்டும்போது கதையாகிவிடுகின்றது. இந்த விந்தையைக் கண்டு வரலாமென்றே, கிடைத்த ஐந்து நாள் விடுப்பில் பாலக்காடு தொடங்கிக் குமுளி வரையில் எல்லையோரமாகவே ஒரு சுற்றுப் போய்வந்தோம்.

பாலக்காட்டுக் கணவாயைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. வடக்கிலிருந்து சுவர்போல் வரும் மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே இருபது மைலுக்கு மேல் வாய் திறந்து நிற்கின்றது. அவ்வழியாகக் காற்றும் மழையும் கிழக்கே வருகின்றன. அவ்வழியாகவே தமிழ்க் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக மேற்கே போயிருக்கின்றன. கல்பாத்தி அக்கிரகாரத்தார் தஞ்சைத் தரணியிலிருந்து போனவர்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் கொங்கு நாட்டு உழவர் பலர். தெற்கே மூணாறு, தேவிகுளம், பீர்மேட்டு மலைகளுக்குத் தேயிலைக்கும் ஏலத்துக்குமாக ஏறியவர்கள் திருநெல்வேலி, மதுரைச் சீமையார். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் புதிதாக வகுக்கப்பட்டபோது இவ்விடங்களெல்லாம் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வழங்கும் கதைகள் மட்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

முதற் கதையை வண்டியிலேயே கேட்டோம். எதிர் இருக்கையில் நாளிதழ் விரித்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொடங்கினார். "நோபல் பரிசு கணக்குக்கு மட்டும் கிடையாது, ஏன் தெரியுமோ? நோபலுடைய சம்சாரம் ஒரு கணக்கு வாத்தியாரோடு ஓடிப்போய்விட்டாள். அந்தக் கோபத்தில் கணக்கையே தள்ளிவிட்டார். நம் ஈரோட்டில் பிறந்த ராமானுஜத்துக்குப் பரிசு வராததற்கு அந்த அம்மாள்தான் காரணம்!" பெட்டியில் இருந்தவர் அனைவரும் அந்த அம்மாளை நொந்துகொண்டனர்.

ஆல்பிரட் நோபல் கடைசி வரையில் மணம் செய்துகொள்ளாதவர். 1896 டிசம்பர் 10-ஆம் நாள் இத்தாலி நாட்டு சான் ரெமோவில் அவர் உயிர் நீத்தபோது ராமானுஜத்துக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் எழுதி வைத்த உயிலில் பௌதிகம், இரசாயனம், உடலியல் அல்லது மருத்துவம், இலக்கியம், சமாதானம் என்னும் ஐந்தே துறைகள் குறிக்கப்பட்டன. கணக்கு மட்டுமன்று, உழவும் வானநூலுந்தான் அதில் இல்லை. பொருளியலுக்கு இன்று வழங்கும் பரிசுகூட சுவீடன் நாட்டு மத்திய வங்கி 1968-இல் தனியே ஏற்படுத்தியது. இவற்றையெல்லாம் பணிவோடு எடுத்துரைத்தோம். பெரியவர் சிறிதும் கலங்கவில்லை. "சம்சாரமே இல்லையா? சரிதான், அந்தக் கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டிருப்பான்!" என்றார்.

வாளையாற்றுக் காட்டில் வண்டி நுழைந்ததும் மற்றொருவர் வெளியே கையை நீட்டி, இந்த இருப்புப் பாதைக்காக மலையை உடைத்தது நோபலின் டைனமைட்டுதான் என்றும், அவ்வோசையில் ஓடிய யானைகள் நீலகிரிக்குப் போய்த்தான் நின்றன என்றும் கூறினார். இந்தக் கதையை நம் துறையைச் சார்ந்தது என்பதால் சும்மா விட மனம் வரவில்லை. பட்டாம்பிக்கும் போத்தனூருக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது 1862-இல். நோபல் டைனமைட்டுக்கு உரிமை பெற்றது 1867-இல். பாதை போட்ட கூலியாட்கள் கடப்பாரையையும் பழைய கருமருந்தையும் நம்பினவர்கள். யானைகளுக்கு நோபல் எவ்வகையிலும் பொறுப்பாளியல்லர்.

கல்பாத்தியில் வேறு வகைக் கதை. ஆற்றங்கரையில் விசுவநாதசுவாமி கோயிலும், நேர்வகிடு எடுத்தாற்போன்ற தெருக்களும், திண்ணைகளும் இன்னும் இருக்கின்றன. திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு முதியவர் நம்மைத் தமிழ்நாட்டார் என்றறிந்து மோர் கொடுத்து உபசரித்தார். மோருக்குப் பின் கதை. "ஸர் ஸி. வி. ராமன் இருக்காரே, அவர் இந்தத் தெருப் பிள்ளைதான், கேளுங்கோ. பரிசு நவம்பரிலேதானே சொல்லுவா? இவர் ஜூலையிலேயே கப்பல் டிக்கெட் வாங்கியாச்சு. சுவீடன் ராஜா, 'உமக்கு எப்படி முன்னாலேயே தெரிஞ்சுது?' என்று கேட்டாராம். 'பாம்புப் பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது' என்றாராம் ராமன்."

ராமன் பிறந்தது 1888-இல், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில். ஆயினும் இக்கதையின் நடுப்பகுதியைத் தள்ள முடியவில்லை. 1930-இல் அறிவிப்பு வருமுன்பே தமக்கும் தம் மனைவிக்குமாகக் கப்பலில் அவர் இடம் பதிவு செய்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்களே கூறுகின்றனர். டிசம்பர் 10-ஆம் நாள் விழாவுக்குச் சேர வேண்டுமானால் கப்பல் வழியில் முன்னேற்பாடு வேண்டாமா என்பது ஒரு நியாயம். தம் ஆராய்ச்சியின் எடை தமக்குத் தெரியும் என்பது மற்றொன்று. ராமனும் பத்தாண்டுகள் அரசாங்கக் கணக்குத் துறையில் அலுவல் பார்த்தவர். பகலில் கணக்கேடும் மாலையில் ஆய்வுக்கூடமுமாக இருந்தார். திண்ணைக் கதையில் பஞ்சாங்கத்துக்கு இடமிருக்கின்றது, இந்த மாலைப் பொழுதுகளுக்கு இடமில்லை.

பாலக்காட்டார்க்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள உண்மையாகவே ஒரு பரிசு உண்டு. இவ்வூர்ப் பக்கம் பிறந்த டி. என். சேஷன் தேர்தல்களைச் சீர்செய்தமைக்காக 1996-இல் மக்சேசே விருது பெற்றார். அதனை ஆசியாவின் நோபல் என்பர். அப்படியிருந்தும் முதியவர்க்கு ராமனையும் விட மனமில்லை.

ஒலவக்கோட்டை அடுத்த அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் உள்ளது. டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் 1920-களில் நிறுவியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்டு படித்த இடம். காந்தியடிகள் வந்து தங்கிய பெருமையும் அதற்குண்டு. அவ்வழியே நம்மை அழைத்துச் சென்ற ஆட்டோக்காரர் தம் பங்குக்கு ஒன்று கூறினார்: நோபல் பரிசு தருகிறோம் என்று வெள்ளைக்காரர் கெஞ்சினர், காந்தி ஓரணாக் கார்டில் 'வேண்டாம்' என்று எழுதிப் போட்டுவிட்டார்.

வேண்டாமென்றவர் உண்டு. 1964-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் இலக்கியப் பரிசை மறுத்தார். 1973-இல் வியட்நாமின் லே டுக் தோ சமாதானப் பரிசை மறுத்தார். காந்தியடிகளுக்கு மறுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை என்பதுதான் உண்மை. 1937, 1938, 1939, 1947 ஆகிய ஆண்டுகளில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1948-இலும், அவர் கொல்லப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், பரிந்துரை சென்றது. அவ்வாண்டு, உயிரோடிருப்பவருள் தக்கார் எவருமிலர் என்று கூறி ஆஸ்லோக் குழுவினர் பரிசையே நிறுத்தி வைத்தனர். இதைக் கேட்ட ஆட்டோக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "எங்கள் கதையில் காந்திக்கு மரியாதை அதிகம் சார்" என்றார். அதற்கு நாம் என்ன சொல்ல?

இத்துணைக் கதைகள் முளைப்பதற்கு நோபல் நிலையத்தாரின் ஒரு விதியே உரமாகின்றது. யார் யாரைப் பரிந்துரைத்தனர் என்பதை 50 ஆண்டுகள் வரை அவர்கள் வெளியிடுவதில்லை. ஐம்பதாண்டுகள் பூட்டிய பெட்டிக்குள் எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். அதனால்தான் நம் பக்கத்து மேடைகளில் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தலைவர்களுக்குக் குறைவில்லை. சமாதானப் பரிசுக்குப் பரிந்துரைக்க உலகெங்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பல துறைப் பேராசிரியர்களுக்கும் உரிமையுண்டு என்பதை மேடையில் எவரும் சொல்வதில்லை.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் வண்டி கொல்லங்கோடு, முதலமடை வழியாகப் போகின்றது. ஒரு புறம் நெல்லியாம்பதி மலை; மறு புறம் தென்னையும் மாந்தோப்பும். கொல்லங்கோட்டில் ஏறியவர் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக் குத்தகைக்காரர். நோபல் என்றதும் அவர் ராமனையே எடுத்தார். மதுவில் ஒளியைச் செலுத்தி அது சிதறுவதை அவையோர்க்குக் காட்டிய ராமன், விருந்தில் மதுக் கிண்ணம் நீட்டப்பட்டபோது, 'மதுவின்மேல் ராமன் விளைவைக் கண்டீர்கள். ராமன்மேல் மதுவின் விளைவைக் காண வேண்டாம்' என்று மறுத்தாராம். இந்தப் பேச்சு பல நூல்களிலும் உலவுவதே. குத்தகைக்காரர் சேர்த்தது ஒன்றுதான்: "அது சித்தூர்க் கள்ளாயிருந்தால் குடித்திருப்பார்."

இவ்வளவும் கேட்டபின், நம்மிடமும் சரக்கு உண்டு என்று காட்டத் தோன்றிற்று. இரண்டு கதை சொன்னோம். இரண்டும் இரயில் தொடர்பானவை.

நோபலின் உயில் 1895 நவம்பர் 27-ஆம் நாள் பாரிசில் கையெழுத்தானது. மூன்று கோடிக் குரோனருக்கு மேற்பட்ட சொத்து. அவர் இறந்ததும் உறவினர் வழக்குத் தொடுக்கலாம், பிரெஞ்சு அரசு தடுக்கலாம் என்று அஞ்சிய ராக்னர் சோல்மன் என்னும் இளைஞர், உயிலை நிறைவேற்றும் பொறுப்புப் பெற்றவர், பாரிஸ் வங்கிகளிலிருந்து பத்திரங்களைக் கட்டுக்கட்டாக எடுத்தார். சாதாரணக் குதிரை வண்டியில் ஏற்றினார். கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு உடன் அமர்ந்தார். பெட்டிகளில் அடைத்து இரயில் நிலையத்துக்குக் கொண்டுசென்று, பதிவு செய்த பார்சலாக வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்று உலகம் புகழும் பரிசின் மூலதனம், எங்கோ ஒரு பார்சல் எழுத்தரின் இரசீதின்மேல் பயணம் செய்தது என்று எண்ணும்போது நம்மைப்போன்றவர்க்கு ஒரு நிமிர்வு தோன்றுகின்றது.

மற்றது 1912-இல் நிகழ்ந்தது. தாகூர் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதிய கீதாஞ்சலியின் கையெழுத்துப் படியோடு லண்டனுக்குச் சென்றார். அவர் மகன் ரதீந்திரநாதர் அப்படியிருந்த கைப்பெட்டியைச் சுரங்க இரயிலில் மறந்து இறங்கிவிட்டார். மறுநாள் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு ஓடினால், பெட்டி அங்கே பத்திரமாக இருந்தது! அந்நூல் வெளிவந்த பின்னர், 1913-இல் தாகூருக்கு இலக்கியப் பரிசு கிடைத்தது. பெட்டியை எடுத்து ஒப்படைத்தவர்க்கு எந்தப் பரிசும் கிடைத்ததாகத் தெரியவில்லை. குத்தகைக்காரர் இரண்டையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, நீங்களும் நன்றாக அளக்கிறீர்கள்" என்று பாராட்டிப் பொள்ளாச்சியில் இறங்கிப் போனார்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுக்குப் பேருந்து. மறையூரின் சந்தனக் காட்டையும் கருப்பங்கொல்லையையும் பற்றி எழுதினால் கட்டுரை வேறு வழி போய்விடும். மூணாற்றில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் இங்கும் இரயில் ஓடிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை சுமந்த அச்சிறு பாதையை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. தேநீர்க் கடையில் கட்டஞ்சாயா அருந்திக்கொண்டிருந்த எஸ்டேட் இளைஞர்களிடம் மீண்டும் ஒரு மெய்க்கதையை அவிழ்த்தோம். ஜெர்மானிய அறிஞர் லாவே, பிராங்க் ஆகிய இருவரின் நோபல் தங்கப் பதக்கங்கள் டென்மார்க்கில் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. 1940-இல் ஹிட்லரின் படை நகருள் நுழைந்தபோது, ஹெவசி என்னும் இரசாயன அறிஞர் அவற்றை இராஜ திராவகத்தில் கரைத்து, புட்டியை அலமாரியில் வைத்துவிட்டார். படையினர் புட்டியைக் கண்டும் காணாதவராயினர். போர் முடிந்தபின் அதே தங்கத்தைப் பிரித்தெடுத்து, மீண்டும் பதக்கங்கள் வார்த்துக் கொடுத்தனர்.

இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். "அண்ணாச்சி, சம்சாரம் ஓடிப்போன கதையைக்கூட நம்பலாம், இது ரொம்ப ஓவர்!" என்றார் ஒருவர்.

அக்கடையில் சிரிக்காதவர் ஒருவரே. எஸ்டேட்டுப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருப்பவர். அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தாயார் முப்பதாண்டு கொழுந்து எடுத்தவர். அவர் சொன்னது நம் மனத்தில் தைத்தது. "நாமெல்லாம் சிரித்துவிட்டுப் போகிறோம். என் வகுப்புப் பிள்ளை அந்தச் சம்சாரக் கதையைப் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டான். அதுகூடப் போகட்டும். இந்தக் கதைகளில் பரிசு வாங்குகிறவர்கள் யாராவது வேலை செய்கிறார்களா, பாருங்கள். டிக்கெட் வாங்குகிறார்கள், கடுதாசி போடுகிறார்கள், ராஜாவை மடக்குகிறார்கள். ராமன் 1921-இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். விடை 1928 பிப்ரவரி 28-இல்தான் கைக்கு வந்தது. நடுவிலே ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தை ஒரு கதையும் சொல்வதில்லை. அப்புறம் பிள்ளை கேட்கிறான், அதிர்ஷ்டத்துக்கு எதற்கு சார் படிப்பு என்று."

அவ்வாசிரியர் தம் மாணாக்கர்க்குச் சொல்லும் கதை சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பற்றியது. ஐ.ஐ.டி.யிலும் இடமில்லை, வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் இடமில்லை; பரோடாவில் பௌதிகம் பயின்றார். அமெரிக்காவில் அதிலேயே டாக்டர் பட்டம் பெற்ற பிறகு, இது நம் வழியன்று என்று உயிரியலை அடியிலிருந்து கற்றார். உயிரணுக்களில் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக, 2009-இல் மற்றிருவரோடு அவர்க்குக் கிடைத்தது இரசாயனப் பரிசு. பௌதிகத்தில் பட்டம், உயிரியலில் உழைப்பு, இரசாயனத்தில் பரிசு! இதைவிட வேடிக்கையான கதையைத் தேநீர்க் கடை எங்கே கண்டது? ஆனாலும் பிள்ளைகள் 'இடமில்லை' என்ற இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்றார் ஆசிரியர். அந்தத் தூறலில் அவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இப்பயணத்தில் நாம் கண்டவற்றுள் அதுவே பெரிது.

மறுநாள் பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாக ஏலத்தோட்டங்களினூடே குமுளியை அடைந்தோம். குமுளிக் கடைத்தெருவின் ஓரத்திலேயே எல்லை. ஒரு பக்கம் கேரளப் பேருந்து, மறு பக்கம் கம்பத்துக்கு இறங்கும் வண்டி. அங்கே மிளகு மூட்டையின்மேல் அமர்ந்திருந்த எண்பது வயதுப் பெரியவரிடம்தான் கதைகளின் அரசனைக் கேட்டோம்.

"பெரியாத்துத் தண்ணிய மதுரைப் பக்கம் திருப்ப மலையக் குடைஞ்சாங்கல்ல தம்பி, அங்க வெடிச்ச வெடி நோபல் துரைக்குக் கேட்டுச்சு. எங்க அப்பாவைப் பெத்த தாத்தா உள்ளே வெடி வச்சவரு. எத்தனையோ பேரு செத்தாங்க. துரைக்கு அது கனவுல வந்துச்சு. 'நான் செஞ்ச மருந்து இத்தனை பேரைத் தின்னுடுச்சே'ன்னு சொத்தையெல்லாம் எழுதி வச்சிட்டாரு. நோபல் பரிசு எங்க தாத்தா கொடுத்த பரிசு, தம்பி."

கதைக்கு ஸ்டாக்ஹோமில் சான்றில்லை. வெடியால் நோபல் குடும்பம் பட்ட துயரம் வேறு; 1864-இல் அவருடைய தம்பி எமில் அத்தகைய வெடிவிபத்தில் மாண்டார். 1888-இல் அண்ணன் லுட்விக் இறந்தபோது, ஆல்பிரட்டே இறந்தாரென்று மயங்கிய பாரிசு நாளிதழொன்று அவரை இகழ்ந்து எழுதியதுண்டு. அதைப் படித்து மனம் மாறினார் என்பது உலகெங்கும் வழங்கும் கதை. உயிலில் அதைப்பற்றி ஒரு சொல்லுமில்லை.

ஆனால் பெரியவரின் மலை பொய்யன்று. 1887-இல் தொடங்கிய பெரியாற்று அணை வேலையில், ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கம் பாறையைக் குடைந்தே போடப்பட்டது. காட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்து, அணைக்கருகிலேயே அடக்கமாயினர். வேலையை முடித்த பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படம் இல்லாத கடை அரிது. அது தகும். வெடி வைத்த கைகளுக்கு மண்டபமில்லை. பேரன் மூட்டைமேல் அமர்ந்து சொல்லும் இந்தக் கதை ஒன்றுதான் அவற்றுக்கு உண்டு. கணக்கு வாத்தியாரை மறுத்ததுபோல் இதை மறுக்க நமக்கு நா எழவில்லை.

பேச்சை மாற்ற எண்ணி, ஒரு பொருத்தத்தை மட்டும் சொன்னோம். அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். நோபல் உயிலில் கையெழுத்திட்டது அதே ஆண்டு நவம்பரில். பெரியவர் மூட்டையை விட்டு எழுந்தே விட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். இரயில்வேயில் எழுத்தர் என்றோம். கம்பம் வண்டி புறப்படும்போது புதிதாக வந்து நின்ற இருவரிடம் அவர் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் சொன்னா நம்பமாட்டீங்க. இப்பத்தான் ரயில்வே பெரிய ஆபீசர் ஒருத்தர் தேதியோட சொல்லிட்டுப் போறாரு. அக்டோபர்ல தண்ணி, நவம்பர்ல உயில்!"